பிடோங்: நடுவில் இருந்த தீவு

மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானு மாநிலத்துக்கு எதிரே, பிடோங் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர். அதிலும் பெரும்பகுதி காடு மூடிய மலை. வார இறுதிகளில் மெராங் கரையிலிருந்து படகு பிடித்து அங்கே போகிறார்கள். கூடாரம் அடித்து ஓரிரவு தங்குகிறார்கள், ஸ்னோர்க்கல் மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்கிறார்கள், ஞாயிறு மத்தியானம் திரும்பி வருகிறார்கள். பக்கத்து ரெடாங் தீவில் இருப்பது போல ஹோட்டல் வரிசை இங்கே இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்த கடற்கரை என்பதுதான் இந்தத் தீவின் கவர்ச்சி.

1979 ஜூனில் இதே தீவில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழ்ந்த இடம் இதுதான் என்று சொல்லப்பட்டது.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வியட்நாமியத் தீவின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கடைசியில் அது எங்கள் வீட்டுக்கும் வந்து சேரும். முதலில் கதையைச் சொல்கிறேன்.

ஏன் வந்தார்கள்?

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. வியட்நாம் போர் முடிந்தது. தோற்ற பக்கத்தில் வேலை செய்த அதிகாரிகளும் இராணுவத்தினரும் "மறுகல்வி முகாம்" என்ற பெயரில் சிறைக்குப் போனார்கள். பலர் வருடக்கணக்காகத் திரும்பி வரவில்லை. 1978-இல் தென்பகுதியில் தனியார் வியாபாரத்தை அரசு ஒழித்தது. கடை வைத்திருந்தவர்களில் பெருந்தொகையானோர் சீன வம்சாவளியினர். ஒரே இரவில் முதலும் போனது, தொழிலும் போனது. 1979 பெப்ரவரியில் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போர் மூண்டபோது அவர்கள் மீதான சந்தேகம் இன்னும் கூடியது.

தங்கத்தைக் கொடுத்து மீன்பிடிப் படகுகளில் ஏறினார்கள். ஆற்றில் ஓடச் செய்த படகுகளும் அவற்றில் இருந்தன. தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். நகையோடு விட்டால் அதிர்ஷ்டம். கொலையும் பாலியல் வன்முறையும் ஆட்கடத்தலும் நடந்தன. எஞ்சின் நின்று, தண்ணீர் முடிந்து, கடலிலேயே இறந்தவர்களுக்கு ஒருவரும் இடாப்பு வைத்திருக்கவில்லை. இலட்சக்கணக்கில் என்று சொல்லும் மதிப்பீடுகள் உண்டு.

தப்பியவர்களில் பலருக்கு முதலில் தெரிந்த கரை மலேசியாவின் கிழக்குக் கரைதான். 1978 ஆகஸ்ட் 8 அன்று 121 பேரோடு பிடோங் அகதி முகாம் திறக்கப்பட்டது. 4,500 பேருக்கு என்று திட்டமிட்ட இடம் அது.

ஒரு பொறியியல் கணக்கு

நான் படித்தது பொறியியல். ஒரு எண்ணைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் என்னால் விட முடியாது.

40,000 பேரை ஒரு சதுர கிலோமீற்றரில் வைத்தால் ஆளுக்கு 25 சதுர மீற்றர் வரும். இது மலையுச்சி, பாறை, காடு எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. உண்மையில் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தது கரையோரத்துத் தட்டையான துண்டில். ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்காபரோவில் ஒரு சதுர கிலோமீற்றரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். இன்றைய முகாம் தரநிலைகளின்படி ஆளுக்கு 45 சதுர மீற்றர் வேண்டும். அதில் பாதைக்கும் சமையலுக்கும் உரிய இடமும் அடங்கும்.

தண்ணீரை எடுங்கள். அவசர நிலையில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது இப்போதைய தரம். 40,000 பேருக்கு 6 லட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் தண்ணீர் பவுசர் 60 தேவை, ஒவ்வொரு நாளும். ஆனால் அது தீவு. பவுசர் வராது. தோண்டிய கிணறுகள் கழிவால் கெட்டுப்போயின. குடிதண்ணீர் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தது, அளந்து கொடுக்கப்பட்டது. கழிப்பறை 20 பேருக்கு ஒன்று என்றால் 2,000 வேண்டும். அந்த அளவுக்கு அங்கே ஒருநாளும் இருக்கவில்லை. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், சாமான் படகு வருவதே சிரமம்.

அப்படியும் ஒரு ஊர் உருவானது. மலையில் மரம் தறித்தார்கள். வந்த படகுகளின் பலகைகளைக் கழற்றினார்கள். சாக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, தகரம் என்று அகப்பட்டதை வைத்து இரண்டு மூன்று தட்டுக் குடில்கள் கட்டினார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனமும் மலேசியச் செம்பிறைச் சங்கமும் அரிசி, டின் மீன், நூடில்ஸ், சீனி கொடுத்தன. நிர்வாகத்தின் பெரும்பகுதியை அகதிகளின் குழுவே நடத்தியது. தையற்கடை வந்தது, கோப்பிக்கடை வந்தது, ஆங்கிலமும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் வந்தன. குன்றில் ஒரு தேவாலயமும் ஒரு புத்த கோவிலும் எழுந்தன. பிள்ளைகள் பிறந்தார்கள். ஆட்கள் இறந்தார்கள், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

முகாமின் நாள் முழுவதும் ஒலிபெருக்கியைச் சுற்றியே ஓடியது. யாருக்கு நேர்முகம், யாருக்குக் கடிதம், யாருடைய பெயர் அடுத்த படகில் என்று எல்லாம் அதில்தான் வரும். ஒரு குடும்பத்தின் தலைவிதி ஒரு அறிவிப்பில் மாறும். கேட்கத் தவறிவிடக்கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்த மக்கள் அவர்கள்.

கதவைத் தள்ளியவர்களும் திறந்தவர்களும்

மலேசியாவை வில்லனாக எழுதுவது சுலபம். 1979-இன் முதற்பாதியில் வந்த படகுகளில் பலவற்றை மலேசியக் கடற்படை திருப்பிக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டது. ஆயிரக்கணக்கானோர் அப்படித் தள்ளப்பட்டார்கள். அதனால்தான் கரையைக் கண்டதும் பல அகதிகள் தங்கள் படகைத் தாங்களே உடைத்தார்கள். ஓடாத படகை இழுத்துக்கொண்டு போக முடியாதல்லவா?

ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திரங்கானு அப்போது வசதி குறைந்த மீனவர் கரை. 1969 மே மாதத்தில் கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையில் நடந்த இனக்கலவரம் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. சீன வம்சாவளி அகதிகள் பெருந்தொகையாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்ற பயத்தை அரசியல்வாதிகள் உணர்ந்தார்கள், பயன்படுத்தவும் செய்தார்கள். பணக்கார நாடுகள் கூட்டிச் செல்லும் வேகத்தைவிட படகு வரும் வேகம் பலமடங்கு அதிகமாக இருந்தது. தொட்டிக்குள் வரும் குழாய் பெரிது, வெளியேறும் குழாய் சிறிது. 40,000 என்ற எண் அப்படித்தான் வந்தது.

1979 ஜூலை 20, 21-ஆம் திகதிகளில் 65 நாடுகள் ஜெனீவாவில் கூடின. வெளியேறும் குழாயைப் பெரிதாக்குவதுதான் நோக்கம். 125,000 ஆக இருந்த மீள்குடியேற்ற உறுதிமொழிகள் 260,000 ஆகின. ஆட்களை வேறிடத்துக்குக் கூட்டிச் செல்வோம் என்ற உறுதி கிடைத்ததும் தென்கிழக்காசிய நாடுகள் தற்காலிகமாகக் கரையில் இறங்க விட்டன. பிடோங் மெல்ல மெல்ல வடிந்தது.

கனடா அந்தக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே 50,000 பேரை எடுப்பதாக அறிவித்தது. பின்னர் அது 60,000 ஆனது. அப்போது குடிவரவு அமைச்சராக இருந்தவர் ரொன் அட்கி. அந்த நாட்களில் அவர் கைக்கு ஒரு வரலாற்று ஆய்வின் கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. ஏர்விங் அபெல்லாவும் ஹரோல்ட் ட்ரோப்பரும் எழுதியது. நாசிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதர்களுக்கு 1930-களிலும் 40-களிலும் கனடா எப்படிக் கதவைச் சாத்தியது என்பதுதான் அதன் பொருள். 1939-இல் 900-க்கு மேற்பட்ட யூதர்களோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலை கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்காத கதையும் அந்த வரலாற்றின் பகுதி. கதவைச் சாத்திய அமைச்சராக வரலாற்றில் நிற்க அட்கி விரும்பவில்லை. வரலாறு படித்து என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் இது.

சட்டமும் தயாராக இருந்தது. 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டம், சாதாரண மக்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்க வழி செய்தது. தேவாலயங்களும் அயலவர்களும் அலுவலக நண்பர்களும் பணம் சேர்த்தார்கள். வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படித் தனியார் பொறுப்பில் வந்தவர்கள். 1986-இல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் தன்னுடைய நான்சன் பதக்கத்தைக் கனேடிய மக்களுக்கே கொடுத்தது.

கதவு அப்படியே திறந்து கிடக்கவும் இல்லை. 1989 மார்ச் 14-க்குப் பிறகு மலேசியாவில் இறங்கியவர்கள் தாங்கள் உண்மையான அகதிகள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரே கடல், ஒரே மாதிரிப் படகு; ஆனால் திகதிக்கு ஒரு நாள் முந்தி வந்தவருக்கு ஒரு வாழ்க்கை, பிந்தி வந்தவருக்கு வேறு வாழ்க்கை. நிரூபிக்க முடியாதவர்கள் வியட்நாமுக்கே அனுப்பப்பட்டார்கள். 1991 ஒக்டோபர் 30 அன்று பிடோங் மூடப்பட்டது. 13 வருடங்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அந்தத் தீவைக் கடந்து போயிருந்தார்கள்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

வேலை விஷயமாகக் கோலாலம்பூரில் சில மாதம் இருந்தபோது ஒரு சனி ஞாயிறு நானும் அங்கே போனேன். போகச் சொன்னது என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா. அவர் 1980-களில் பிடோங்கில் பிறந்தவர், எட்மன்டனில் வளர்ந்தவர். கைக்குழந்தையாக வெளியேறியபடியால் அவருக்கு ஒரு ஞாபகமும் இல்லை. "அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்லு" என்றார்.

சீமெந்துத் தளங்கள் செடிக்குள் கிடக்கின்றன. கல்லறைகள் இருக்கின்றன. குன்றில் வழிபாட்டிடத்தின் மிச்சங்கள் இருக்கின்றன. முன்னாள் அகதிகள் பேரப்பிள்ளைகளோடு வந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவதுண்டு. தறித்து மொட்டையாக்கிய மலையில் காடு திரும்பி வளர்ந்துவிட்டது. மற்றவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது நான் என்னுடைய கூடாரத்தைக் காலடியால் அளந்தேன். இரண்டு பேருக்கான கூடாரம். நான்கு சதுர மீற்றர் கூட இல்லை. அந்தத் தட்டையில் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது. வித்தியாசம், நான் திரும்பும் நேரம் எனக்குத் தெரியும்.

தண்ணீருக்குள் கிளிமீன்களும் கடற்சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன்களும் இருந்தன. எனக்குப் பிடித்தது உருண்டைப் பவளங்கள். அந்த வகைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு மீற்றர் தடிப்பு வளர நூறு வருடம் வேண்டும். அப்படியென்றால், நீங்கள் இன்றைக்கு மேலே மிதந்து பார்க்கும் ஒரு பெரிய பவளம், முகாம் இருந்தபோதும் அங்கேதான் இருந்தது. அந்த 13 வருடங்களும் அதன் உடம்பில் ஒரு சாண் அளவுகூட வராத ஒரு படை.

திரும்பி வந்து அக்காவுக்குப் படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மாவும் அப்பாவும் சைகோனைப் பற்றி நாள் முழுக்கச் சொல்வார்கள். எட்மன்டனின் முதல் பனியைப் பற்றியும் சொல்வார்கள். பிடோங்குக்கு மட்டும் ஒரு வசனம்தான்: கொஞ்ச நாள் அங்கே இருந்தோம்."

எங்கள் "கொஞ்ச நாள்"

அந்த வசனத்தை நான் எங்கேயோ கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில்.

அப்பாவிடம் ஊரைக் கேட்டால் ஒழுங்கை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வரும். கறுப்பு ஜூலையைக் கேட்டால் அதுவும் வரும். கனடாவைக் கேட்டால் முதல் வேலை, முதல் குளிர்ச்சட்டை என்று வரும். இரண்டுக்கும் நடுவில் "பாங்கொக்கில கொஞ்ச நாள் நிண்டனான்" என்பார். அவ்வளவுதான். அந்தக் "கொஞ்ச நாள்" பதினொரு மாதம் என்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஏன் இந்த நடுப்பகுதி காணாமற் போகிறது? எங்கள் சமூகத்தின் விஷயத்தில் அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன்.

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். நான்சன் பதக்கம் கிடைத்த அதே வருடம். அவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். சில நாட்களில், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்பது வெளிவந்தது. இரக்கப்பட்டவர்களில் ஒரு பகுதி உடனே கோபப்பட்டது. "ஜெர்மனியில் பாதுகாப்பாகத்தானே இருந்தீர்கள்?" என்பது கேள்வி. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து ஒரு பாடம் எங்கள் வீடுகளுக்குள் இறங்கியது. ஊரில் நடந்ததைச் சொல்லலாம். வந்த பிறகு நடந்ததையும் சொல்லலாம். வந்த வழியைச் சொன்னால் ஆபத்து. சொன்னால் வழக்குக் கெடும், பின்னால் வருகிறவரின் பாதை அடைபடும். 2010-இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைக் கனடா மாதக்கணக்கில் தடுத்து வைத்து விசாரித்தபோது, அந்தப் பயம் இன்னும் உறுதியானது.

இங்கேதான் பிடோங்குக்கும் எங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பிடோங்கில் இருந்தவர்களின் நடுப்பகுதி அதிகாரபூர்வமானது. பதிவு, கோப்பு, படம், நேர்முகக் குறிப்பு எல்லாம் உண்டு. ஐ.நா.வின் ஆவணங்களிலும் கனேடிய விசா அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளிலும் அது இருக்கிறது. அப்படி இருந்துமே அது அழியப் பார்க்கிறது. இந்தோனேசியாவின் கலாங் தீவு முகாமில் முன்னாள் அகதிகள் வைத்த நினைவுக்கல், வியட்நாம் அரசின் ஆட்சேபத்துக்குப் பிறகு 2005-இல் அகற்றப்பட்டது. புறப்பட்ட நாட்டுக்கு அந்த நினைவு வேண்டாம். சேர்ந்த நாடு விமானநிலையத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறது. நடுவிலிருந்த நாட்டுக்கு அது ஒரு சுற்றுலாத் தீவு.

எங்கள் நடுப்பகுதிக்கோ கோப்பும் இல்லை, கல்லும் இல்லை. கிழக்கு பேர்லினில் இறங்கி ரயிலேறி மேற்குக்குப் போன இளைஞர்கள், பாங்கொக் அறைகளில் பத்துப் பேராகப் படுத்தவர்கள், ஏஜென்சிக்காரன் வருவான் வருவான் என்று மாதக்கணக்கில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இவர்கள் தங்கிய கட்டடங்கள் இப்போது யாருடையவோ அலுவலகமாகவோ விடுதியாகவோ இருக்கும். அவை இருந்ததற்கு ஒரே சான்று அறுபது எழுபது வயதுக்காரர் சிலரின் ஞாபகம்.

ஆகவே கேட்டு எழுதி வையுங்கள். "நாட்டைவிட்டு ஏன் வந்தீர்கள்?" என்று தொடங்க வேண்டாம். அதற்குப் பழகிய பதில்தான் வரும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். அந்த அறையில் எத்தனை பேர்? யார் சமைத்தது? தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்? கடிதம் எந்த முகவரிக்கு வந்தது? ஒருவர் புறப்பட்டுப் போகும் நாளில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சிலருக்குப் பயம் இன்னும் போகவில்லை, சிலர் அங்கே பட்டதைச் சொல்லவே விரும்பமாட்டார்கள். பெயர்களை எழுதாமல் விடலாம். ஊரையும் மாதத்தையும் வருடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அப்பாவிடம் இதுவரை எழுதியெடுத்தது நான்கு பக்கம். பதினொரு மாதத்துக்கு அது போதாது. அடுத்த கேள்வி, அந்த வீட்டுக்கு வாடகை யார் கொடுத்தது என்பது.